பின்கதவுத் தாழ்ப்பாள்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேலேயே மூடி வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு வாசகர் வட்டத்திலிருந்து ஆறு பேர் வருவார்கள். மாடி நாற்காலிகளைத் தூசி தட்டிப் போடுங்கள். என்னைக் கேட்டால், மருந்துக்கடையில் ஆள் இல்லாமல் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். நிஜத்தில் நானேதான் ஷிப்டை மாற்றிக் கேட்டேன்.

இன்றைக்கு அவர்கள் பேசப்போவது என் அக்கா எழுதிய புத்தகம். அவள் என் அக்கா என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்பாவின் அடிக்குத் தப்பி ஓடி, நர்ஸாகி, தன் வழியைத் தானே தேடிக்கொண்ட கதை. புகழட்டும், தகும்.

வீட்டை விட்டு ஓடிய நாளைப் பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாள்: "அன்று விடியற்காலை பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட யாரோ மறந்திருந்தார்கள். தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள்."

நேற்று நீங்கள், "மறுபடியும் பின்கதவைத் திறந்து போட்டிருக்கியே, அப்படி என்ன மறதி உனக்கு?" என்று கத்தினீர்கள். நானும் பதிலுக்குக் கத்தியிருக்க வேண்டாம்.

சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.

இன்னொன்று. எனக்கு மறதி கிடையாது. அப்பா வீட்டில் ராத்திரி தாழ்ப்பாள் போடுவது என் வேலை. அன்றைக்கு நான் தூங்கவும் இல்லை. "யாருடி திறந்து விட்டது?" என்று அப்பா கேட்டது இன்னும் காதில் விழுகிறது. அதற்கப்புறமும் தினம் திறந்தேதான் வைத்தேன், என்னையும் கூட்டிப்போக அவள் வருவாள் என்று.

இனிமேல் நீங்களே தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். எனக்குக் கை வராது.