பச்சைச் சாயம் காட்டிய கை

மதினி,

இன்று மாத்தளையில் கண் டாக்டரிடம் போனேன். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் கண்ணைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க, கையில் ஊசி குத்தி மஞ்சள் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். "மூத்திரம் மஞ்சளா போகும், பயப்படாதீங்க" என்றார் நர்ஸ். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசி வலித்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

உங்களுக்கு ஏற்றியது பச்சை.

தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது எண்ணெய்ச்சட்டி சரிந்து, உங்கள் வலது கையும் இரண்டு தொடைகளும் வெந்துபோயின. எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அண்ணனை விறாந்தையிலேயே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் சிங்களத்தில் சொல்வதை உங்களுக்குத் தமிழில் சொல்ல என்னை மட்டும் உள்ளே விட்டார்கள்.

எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்று மேலே பார்த்தால் தெரியாதாம். சாயம் ஏற்றினால் இரத்தம் ஓடும் இடமெல்லாம் கேமராவில் வெளிச்சமாகத் தெரியுமாம். இருட்டாக இருப்பதை வெட்டி எடுக்க வேண்டுமாம்.

"உடம்பெல்லாம் பச்சையா போயிருமா புள்ள?"

"இல்லியாம் மதினி."

"கை போச்சுன்னா நான் எப்படிக் கொழுந்து எடுக்கிறது?"

விளக்கை அணைத்தார்கள். திரையில் தொடைகளின் ஓரம் மட்டும் வெளுத்தது. நடுவெல்லாம் இருட்டு. "கரண்டு போன லயம் மாதிரி இருக்கு" என்றீர்கள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு கேமராவைக் கைக்கு நகர்த்தினார்கள். மணிக்கட்டைத் தாண்டி, விரல் விரலாக வெளிச்சம் ஏறியது. டாக்டர் சிரித்தார். சுண்டுவிரல் நுனி மட்டும் கறுப்பாக நின்றது.

"அது போனா போகட்டும். ஓடு, ஒங்கண்ணன்கிட்ட கை இருக்குன்னு சொல்லு."

ஓடினேன். கேட்டதும் அண்ணன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தொடையில் செத்ததை எடுத்துவிட்டுத் தோல் ஒட்டினார்கள். கை, திரையில் காட்டியபடியே ஆறியது. நான் பார்க்க வரும்போதெல்லாம் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினீர்கள். தொடைப் புண்தான் ஆறவில்லை. அதிலிருந்து இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று டாக்டர் என்னிடம் சொன்னபோது, அதைத் தமிழில் சொன்னாலும் கேட்க உங்களுக்கு நினைவில்லை. காய்ச்சலோடேயே போய்விட்டீர்கள்.

லயத்துக்குக் கொண்டுவந்த பிறகு அண்ணன் அந்தக் கையைத் துணிக்கு வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டார். பெட்டி மூட வந்தவர்களிடம், "கொஞ்சம் இருங்கப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நானும் ஒருமுறை தொட்டேன். இத்தனை வருடம் விரல்களில் ஊறியிருந்த கொழுந்துக் கறை ஒன்றுமே இல்லை. புதிதாக வந்த தோல். அந்த வழுவழுப்பு இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது, மதினி.