செவலையும் அப்பாவும் படுத்த ஐப்பசி

கொமரலிங்கம்,
கார்த்திகை, ஞாயிறு

அன்புள்ள மகள் சண்முகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. கண்ணு, அந்த ஜோர்டான் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருவாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனா போக மாட்டேன் என்கிறது. போனில் சொல்லப் பல தடவை வாயெடுத்தேன், அப்பா பக்கத்திலேயே இருந்ததால் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். உங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வருகிற தௌபிக் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி. நம் செவலைப் பசு செத்துப்போய்விட்டது சாமி.

ஐப்பசி மழை விடாமல் பெய்து ஆற்றோரத்து வயலெல்லாம் தண்ணீர் நின்றது, பொழுது சாய்ந்தால் வாசலில் நிற்க முடியாத அளவுக்குக் கொசு. முதலில் விழுந்தது அப்பாதான். காலையில் காய்ச்சல், மத்தியானத்துக்குள் முட்டியும் கணுக்காலும் விரலும் வீங்கிவிட்டன. ரத்தம் எடுத்துப் பார்த்துச் சிக்குன்குனியா என்றார்கள். டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனது, நான்தான் ஊட்டினேன். அந்த நிலையிலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சுவரைப் பிடித்து எழுந்து, வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுச் சோளத்தட்டு அள்ளிக்கொண்டு போனேன். நிறைசினையாக இருந்த செவலை வாயே வைக்கவில்லை. கழுத்தைத் தடவினேன், தோலுக்கடியில் நெல்லிக்காய் போலக் கட்டி கட்டியாக இருந்தது. மறுநாள் உடம்பு முழுக்க.

கால்நடை டாக்டர் வந்து தோல் கழலை நோய் என்றார். கொசுவும் ஈயும் உண்ணியும் ஒரு மாட்டைக் கடித்துவிட்டு இன்னொன்றைக் கடித்தால் பரவுமாம். உள்ளே படுத்திருந்த அப்பாவுக்கு இது காதில் விழுந்துவிட்டது. "ஏனுங் டாக்டர், என்னையக் கடிச்ச கொசுதானுங்களே அதையுங் கடிச்சிருக்கும்? எங்கிட்ட இருந்து போயிருச்சுங்களா?" என்று கேட்டார். டாக்டர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, "இல்லீங்க, அது வேற நோய், இது வேற நோய். உங்களுது மாட்டுக்குப் போகாது, மாட்டுது உங்களுக்கு வராதுங்க" என்று பொறுமையாகச் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

பக்கத்தில் கட்டியிருந்த, இன்னும் கன்று போடாத நம் கிடாரிக்கு நோய் வராததால் அதற்குத் தடுப்பூசி போட்டு, தள்ளிக் கட்டி, கொசு அண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அத்தனை பெரிய வலைக்கு நான் எங்கே போவேன்? செக்கிங்கில் என்னோடு நிற்கிற நசீம் பானுவுக்குப் போன் செய்து அழுதேன். அவள் சூப்பர்வைசரிடம் கேட்டு, விளையாட்டு பனியனுக்கு வந்து ரிஜெக்ட் ஆன, வலை போன்ற மெஷ் துணியை வாங்கி, ஓவர்லாக் மெஷினில் தானே தைத்து, கம்பெனி வேனில் அனுப்பிவிட்டாள். பக்கத்து ஊட்டு இளங்குமரன் இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தான். பச்சையும் ஆரஞ்சுமாகத் திருவிழாக் கடை போல நின்றது நம் கட்டுத்தரை.

ஊசி போட்டோம், வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினோம். செவலைக்குக் கால் வீங்கி நிற்க முடியவில்லை. அப்பா கட்டிலில் இருந்தபடியே "ஏ செவலே" என்பார், அது வெளியே இருந்து அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கஞ்சிச் சட்டியோடு நடந்துகொண்டிருந்தேன். கன்று செத்தே விழுந்தது. அதற்கப்புறம் செவலை எழவில்லை. ஒரு விடியற்காலை அப்பா கூப்பிட்டார், பதில் இல்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. "என்னையத் தூக்கிட்டுப் போங்கப்பா" என்றார். இளங்குமரனும் அவன் தம்பியும் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். மடங்காத விரல்களை அதன் நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். "ஒரு வாய் தண்ணி என் கையால குடுக்க முடியலையே" என்றார், அவ்வளவுதான். டாக்டர் சொன்னபடி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

கிடாரி நன்றாக இருக்கிறது, அதற்கு ஒன்றும் வரவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் போய்விட்டது, மூட்டு வலி போக மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். கம்பை ஊன்றிக்கொண்டு தொட்டி, டயர், சிரட்டை என்று தண்ணீர் நிற்கிற எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டே இருக்கிறார், அடுத்த ஊட்டுக்காரர்களுடையதையும் விடுவதில்லை. செவலையைப் பற்றி மட்டும் யாரிடமும் பேச்சே இல்லை.

உனக்கு எப்போது காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கம்பெனி லைனில் போய் நிற்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ. முருகன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இதைப் படித்த பிறகு கூப்பிடும்போது, போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, செவலையைப் பற்றி நீயாகவே கேள். உனக்கு அழுகை வந்தால் அடக்க வேண்டாம், அவர் காதில் விழட்டும். இன்னும் அவர் ஒரு சொட்டுக்கூட அழவில்லை கண்ணு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
சித்ரகலா