ஈஸ்டருக்குள் ஒரு பழம்

அடிவாரம்
13.2.83

அன்புள்ள மாமாவுக்கு,

மாதா காவலில் நானும் தம்பி செல்வராஜும் சுகம். ஊட்டை விட்டு ஏன் வந்தேன்னு எஸ்டேட் முழுக்கக் கேட்டுட்டுத் திரியறீங்களாமே? ஏனுங்க, நெசமாவே தெரியாதா? குடிச்சதுக்காக நான் வரலைங்க. குடிக்கவே இல்லைன்னு மாதா படத்து மேல கை வெச்சுப் பொய் சொன்னீங்களே, அதுக்குத்தான் வந்தேன்.

என்னைக் கூப்பிட ஆள் மேல ஆள் விடாதீங்க. கொல்லையில நான் நட்ட தக்காளி முழங்கால் உயரத்துல நிக்குது, அதைப் பாருங்க. அடியில மட்டும் தண்ணி ஊத்துங்க, இலை நனையக் கூடாது. குச்சி நட்டுக் கட்டுங்க. ஈஸ்டருக்குள்ள முதல் பழம் வந்துச்சுன்னா நானும் வந்துடறேன். உங்க வாய்ப்பேச்சை நம்பி எனக்கு அலுத்துப் போச்சு. அதுவரைக்கும் தம்பி காட்டுல தக்காளி பறிச்சுக்கிட்டு இருக்கேன்.

உங்க ஊட்டுக்காரி
ஞானசுந்தரி


கொட்டச்சேடு
27.2.83

என் கோபக்காரி சுந்தரிக்கு,

எஸ்டேட் கணக்கையே கட்டி மேய்க்கிற ரைட்டருக்கு நாலு தக்காளிச் செடி ஒரு காரியமா? காப்பி நாத்துக்குப் போடற மாதிரியே தழைப்பந்தல் போட்டுட்டேன். துளி வெயில் உள்ளே இறங்காது. பூவாளியில காலையும் மாலையும் தலையோட குளிப்பாட்டறேன். உன்னை மாதிரியே ஒல்லியா, நெடுநெடுன்னு வளருது. அடியிலை கொஞ்சம் மஞ்சளடிக்குது, அவ்வளவுதான்.

ஊடு நொம்ப வெறிச்சுன்னு கிடக்கு. என்னைத் திட்டறதுக்காவது வந்துடேன்.

சிங்கராயர்


அடிவாரம்
4.3.83

அன்புள்ள மாமாவுக்கு,

அட கடவுளே! தக்காளி என்ன காப்பியா, நிழல்ல வளர்றதுக்கு? இந்தக் கடுதாசி கைக்கு வந்ததும் பந்தலைப் பிரிச்சுப் போடுங்க. அதுக்கு வெயில்தான் சோறு. மஞ்சள் இலையெல்லாம் கிள்ளித் தூரப் போடுங்க. தலைக்கு ஊத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!

செடி எப்படி இருக்குன்னு உள்ளது உள்ளபடி எழுதுங்க. கருகியிருந்தா கருகிப்போச்சுன்னு எழுதுங்க. எதையும் ஒளிக்காதீங்க. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. செடிக்காக மட்டும்னு நினைச்சுக்காதீங்க.

உங்க ஊட்டுக்காரி
ஞானசுந்தரி


கொட்டச்சேடு
30.3.83

அன்புச் சுந்தரி,

பதில் எழுத நாளாயிடுச்சு, வேலை அப்படி. பந்தலை அன்னைக்கே பிரிச்சுட்டேன். அப்புறம் பாரேன், செடி கும்முனு ஆயிடுச்சு! பஸ் கண்டக்டர் முருகேசன்கிட்டப் பை கொடுத்து விட்டிருக்கேன். நம்ம கொல்லைப் பழம். ஒண்ணு கேட்டே, பை நிறைய அனுப்பியிருக்கேன். இனிமே உன் பேச்சு மாறக் கூடாது.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். ஈஸ்டர் பூசைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாப் போகலாம்.

உன் சிங்கராயர்


அடிவாரம்
பெரிய வியாழன், 31.3.83

மாமாவுக்கு,

பை வந்து சேர்ந்துச்சு. சந்தோஷத்துல தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ஒரு பழத்தை எடுத்துப் பார்த்துட்டு, பையிலயே திரும்பப் போட்டுட்டு வெளியே போயிட்டான்.

நம்ம கொல்லையில நான் நட்டது மடிப்பு மடிப்பா விழற நாட்டுத் தக்காளிங்க. நீங்க அனுப்பினது உருண்டைப் பழம். பை அடியில வேப்பந்தழை வேற கிடந்துச்சு. மலை மேல நம்ம ஊட்டுப் பக்கம் வேப்பமரம் ஏது? நசுங்கக் கூடாதுன்னு தம்பி கூடையில அதை விரிக்கறதே நான்தான். அந்தக் கூடை தினமும் முதல் பஸ்ஸுல மலையேறி உங்க ஊர் இஸ்மாயில் பாய் காய்கறிக் கடைக்குத்தான் வருது. நேத்துக் காலையில என் கையால பறிச்ச பழத்தை எனக்கே வாங்கி அனுப்பியிருக்கீங்க.

எல்லாச் செடியும் பட்டுப்போச்சு சுந்தரி, எனக்கு வளர்க்கத் தெரியலைன்னு ஒரு வரி எழுதியிருந்தா அடுத்த பஸ்ஸே ஏறியிருப்பேங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை நாளும் தபால்காரர் சின்னனை எதிர்பார்த்து ரோட்டுல நின்னேன்.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுல நிக்காதீங்க. பழத்தை வீணாக்கலை, தொக்கு கிண்டிப் பாட்டில்ல போட்டு முருகேசன் அண்ணன்கிட்டயே இந்தக் கடுதாசியோட கொடுத்து விட்டிருக்கேன். சோத்துக்கு நல்லா இருக்கும், சாப்பிடுங்க.

பாட்டிலைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

ஞானசுந்தரி