ஊசி ஏறாத புடவை

என் பிரியத்துக்குரிய அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகுமோ போகாதோ, தெரியவில்லை. எனக்கு இன்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நாளைக் காலை நான் தனியாக மொபெட் ஓட்டிக்கொண்டு சாணார்பட்டிக்குப் போகிறேன். பயமாக இருக்கிறது அக்கா.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா முழங்கால் வலி என்று முனகிக்கொண்டே இன்னும் தறியில்தான் உட்காருகிறாள். பஞ்சாயத்து ஆபீசில் டி.வி. பெட்டி வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையானால் சின்னாளபட்டியில் பாதி அங்கேதான் கிடக்கிறது. எனக்குப் பால்வாடி மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. சாணார்பட்டிப் பக்கம் சுற்றிச் சுற்றி ஊர்கள், பாதி ஊருக்குப் பஸ் கிடையாது. ஆபீசிலேயே மொபெட் கொடுத்து, ஓட்ட முடியாதவர்கள் வேலையை விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டால் அம்மா அந்தக் காலோடு சாகும்வரை தறி மிதிக்க வேண்டியதுதான்.

என்ன போட்டுக்கொண்டு ஓட்டுவது? ஒரு மாதமாக இதே கவலை. மதுரைக்குப் போய் ஹெல்மெட் கேட்டேன். கடைக்காரர் என் கொண்டையைப் பார்த்துவிட்டு, லேடீசுக்கு இதெல்லாம் எதற்கு என்றார். கொண்டையோடு தலை உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று அவிழ்த்து, தாழப் பின்னிக்கொண்டு மாட்டினேன். உள்ளே என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பின்னால் லாரி வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பழகிவிடும் என்றார். எது பழகும், லாரியா?

என்னோடு வேலை பார்க்கும் மேரியின் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்தில் இருக்கிறார். அவர் தைத்துக் கொடுத்த கையுறை கருவாடு மாதிரி விறைத்து நிற்கிறது. மாட்டினால் பிரேக் பிடிக்க விரல் மடங்குவதில்லை. விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைத்திருக்கிறேன். காலுக்குக் கான்வாஸ் ஷூ வாங்கினேன். தலை, கை, கால் எல்லாவற்றுக்கும் பார்த்தவள், கட்டியிருக்கும் புடவையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. பொய். யோசிக்கத் துணியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பழகும்போது புடவைக் கரை செயினில் சிக்கியது. மெதுவாகத்தான் போனேன். சட்டென்று இடுப்பை யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது, வண்டியோடு சாய்ந்துவிட்டேன். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனாலும் எழுந்திருக்க முடியாமல் மண்ணிலேயே கிடந்தேன். உனக்கும் இப்படித்தான் இருந்ததா அக்கா? இழுக்கிறது என்று தெரிந்ததா? அத்தானைக் கூப்பிட்டாயா?

அன்று உன் தலைதீபாவளி. அம்மா தன் தறியில் நெய்த புடவையின் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு அத்தானோடு மோட்டார் சைக்கிளில் பழனிக்குக் கிளம்பினாய். முந்தானையை மடித்துத் தோளில் ஊசி குத்தியிருந்தாய். ஓடி வந்து அந்த ஊசியைக் கழற்றியது நான். தறியிலிருந்து இறங்கிய புடவையில் முதல் நாள் ஊசி ஏறக் கூடாது என்பதுதானே நம் வீட்டு வழக்கம்? தெரு பார்க்கட்டும் என்று முந்தானையை நீளமாகத் தொங்கவும் விட்டேன். செம்பட்டி தாண்டி அது பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.

தன் வேகம்தான் காரணம் என்று அத்தான் இன்றுவரை நொந்துகொள்கிறார். அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவே இல்லை. ஆறு வருடமாக நான் வாயைத் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கிரீஸ் கறையோடு வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கழட்டுனது நீ. குத்தக் கூடாதுன்னு சொல்லி வளத்தது ஆரு?" என்றாள்.

பிறகு பெட்டியைத் திறந்து, என் கல்யாணத்துக்கென்று நெய்து வைத்திருந்த புடவையை எடுத்தாள். நெய்து முடித்த புடவையில் அம்மா கத்திரி வைத்து நான் பார்த்ததே இல்லை. அன்று வைத்தாள். முந்தானையை வெட்டித் தனியே மடித்து உன் படத்துக்குக் கீழே வைத்தாள். மிச்சத்தைத் தையல்காரரிடம் கொண்டுபோய், உடம்பை ஒட்டினாற்போல் சுடிதார் தைக்கச் சொன்னாள், கணுக்காலில் இறுக்கிப் பட்டன் வைத்து. மேலே துப்பட்டா இல்லாவிட்டால் ஊர் சிரிக்குமே என்றார் அவர்.

"சிரிக்கிறவுக சிரிச்சுட்டுப் போறாக. தொங்குற துணி ஒண்ணும் வேணாம். எம் புள்ள முழுசா வீடு வந்து சேரணும்."

இன்று மத்தியானம் அது தைத்து வந்துவிட்டது. ரோட்டில் விழுந்தால் அந்தப் பருத்தித் துணி எவ்வளவு தாங்கும் என்று எனக்கும் தெரியும். முட்டிக்கும் முழங்கைக்கும் உள்பக்கமாகத் தோல் துண்டு வைத்துத் தைத்திருக்கிறது. போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் யாரோ ஒருத்தி நிற்கிறாள். அம்மா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்காவது நூல் தொங்குகிறதா என்று தடவிப் பார்த்தாள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. நாளைக்குப் போய்த் திரும்புவேன். வருகிற ஞாயிறு இதே உடுப்பில், இதே வண்டியில், செம்பட்டி ரோட்டில் அந்த இடத்தைத் தாண்டி அத்தான் வீட்டுக்குப் போவேன். ஊசியைக் கழற்றியது யார் என்று அவரிடம் சொல்வேன். ரோட்டுக்குப் பயப்படுகிறேனா, அவர் முகத்துக்குப் பயப்படுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் போவேன். அவரும் எத்தனை நாள்தான் என் பங்கையும் சேர்த்துச் சுமப்பார்?

அந்த ஊசியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும்
உன் தங்கச்சி,
ராஜி