ஆளில்லா வரப்புகள்

மலையில் மழையும் ஆற்றில் நீரும் குடிகள் கலத்தில் சோறும் குறையாதிருக்க! செவ்வாற்று நாட்டையும் அதன் மேல்மலைகளையும் ஆளும் கொற்றமாதேவி, வெண்குன்றக் கோட்டை காக்கும் தண்டநாயகர் காரிவேளாருக்கு எழுதுவித்த ஓலை. உம் வாள் துருவேறாதிருக்க. உம் மனையார் நலமே வாழ்க. சிறையிலுள்ள மலைக்குடிகள் மேல் அவ்வாள் விழாதிருக்க, இதை நின்றபடியே படித்து முடிப்பீராக. அமர்வது பிறகு ஆகட்டும்.

நம் மகன் இளஞ்சாத்தன் தன் தந்தையோடு பிணங்கி, தோழர் சிலரோடு மேல்மலைச் சதுப்பில் இறங்கி மறைந்தது நீர் அறிந்ததே. அரசர் மாண்ட பின்னும் அவன் மீளவில்லை. பின்னொரு கோடையில் மூட்டம் விலகியபோது, நம் ஒற்றர் குன்றின் உச்சியிலிருந்து அச்சதுப்பில் வரப்புகளைக் கண்டனர். சரிவுக்குக் குறுக்கே ஒன்றன்கீழ் ஒன்றாக வளைந்த வரப்புகள், அவற்றிடையே நீர் நின்ற வயல்கள். ஆற்றங்கரையில் பிறந்த நமக்கு, வரப்பைக் கண்டால் அதை இட்ட கை எங்கே என்று கேட்பதே பழக்கம். மகன் உயிரோடிருக்கிறான், உழுது உண்கிறான் என்று மகிழ்ந்தோம். ஆண்டுதோறும் வரப்பு கூடுகிறது என்றும் ஒற்றர் உரைத்தனர். நாம் கேட்க விரும்புவதை உரைப்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள்.

அங்கே மனிதர் இல்லை, புல்லும் நீரும் தாமே இட்டுக்கொண்ட வரப்பு அது என்று மலைக்குடித் தலைவி சடைச்சி சொன்னபோது, இளவரசனை ஒளித்து வைத்துக்கொண்டு நம்மை எள்ளுகிறாள் என்று எண்ணினோம். வரும் பௌர்ணமிக்குள் அவனைக் காட்டாவிடில் அவளையும் ஊராரையும் தலை கொள்க என்று உமக்கு ஆணையிட்டோம். அந்நாள் வருமுன் ஒருமுறை நம் கண்ணால் காண எண்ணிப் பல்லக்கை விட்டு அச்சதுப்பில் இறங்கி நடந்தோம்.

அந்நிலம் நிலமன்று. இங்கே ஒருவன் கால் வைத்தால் தொலைவில் குளம் நடுங்குகிறது. வயல் என்று நாம் நினைத்தவை கருநீர்க் குளங்கள். வரப்பின் மேல் கோரையும் குத்துச்செடியும், அவற்றின் அடியில் ஊறிய பாசியும், ஓரங்களில் பூச்சியைப் பற்றித் தின்னும் அழுகண்ணிப் பூண்டும் இருந்தன. காலடித் தடம் ஒன்றும் இல்லை. மூட்டத்துக்குள் அவன் பேரைச் சொல்லி அழைத்தோம். குரல் திரும்பி வரவில்லை, பாசி குடித்துவிட்டாற்போல. உடன் வந்த வீரர் ஒருவரும் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வரப்பைக் குறுக்கே வெட்டச் சொன்னோம். உள்ளே மண்ணும் இல்லை, கல்லும் இல்லை, மண்வெட்டி பட்ட தழும்பும் இல்லை. செத்த பாசியும் கோரையும் மக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. குளிர்நீரில் ஊறியது எளிதில் அழுகுவதில்லை. ஆகவே அடுக்கு ஏறிக்கொண்டே போகிறது. சற்றே மேடான இடத்தில் செடி செழித்து மேலும் மேடாகி, சரிவில் மெல்ல இறங்கும் நீரை மறிக்கிறது. மறித்த நீர் நிற்குமிடத்தில் செடி மூழ்கித் தேய்கிறது. இப்படியே மேடு மேட்டை வளர்க்க, பள்ளம் பள்ளத்தைக் காக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நமக்கு அங்கேதான் உறைத்தது. இரண்டு ஆள் ஆழம் வெட்டியும் வரப்பின் கீழ் அதே வரப்புத்தான் இருந்தது. என் மகன் பிறக்கும் முன்பே, அவன் பாட்டன் பிறக்கும் முன்பே, அது அங்கே இருந்தது. எனக்கு அவன் இறந்தது அந்தக் குழியின் ஓரத்தில்தான், காரிவேளாரே.

குழியின் அடியில் ஒரு மான் கிடந்தது. எக்காலத்தில் விழுந்ததோ, தோலும் இமைமயிரும் அப்படியே இருந்தன. அதைக் கண்டது முதல் எனக்கு வேறு நினைவில்லை. ஏதோ ஒரு வரப்பின் அடியில் அவனும், போன நாளின் முகத்தோடே கிடப்பான். என் தலை நரைத்துவிட்டது. அவன் தலை நரைக்காது. அவனைக் காண ஆசையாயிருக்கிறது, காண அச்சமாகவும் இருக்கிறது.

ஆகையால் நம் ஆணை இது. சடைச்சியையும் ஊராரையும் விலங்கு நீக்கி, உம் கையால் சோறிட்டு, அவர்கள் மலைக்கே அனுப்புக. அவ்வரப்புகளுக்கு உடையவர் எவருமில்லை என்று பறை அறைவிக்க. நாம் வெட்டிய பிளவின் வழியே மேற்குளம் வடியத் தொடங்கியது. அதைப் பாசிக் கட்டிகளாலேயே அடைத்து வந்தோம். இனி அச்சதுப்பில் ஒருவரும் மண்வெட்டி எடுக்கலாகாது. இளவரசனைத் தேடுவதற்கும் எடுக்கலாகாது. நாமே பின்னொரு நாள் மனம் மாறி வேறோலை விடுத்தாலும், அதைத் தீயிலிட்டு இதன்படியே நடப்பீராக.

இதற்குச் சான்று நம் ஆம்பல் முத்திரை.

முத்திரைக்குக் கீழே சேர்த்தது: இவ்வோலையின் படி ஒன்று அரண்மனை மடைப்பள்ளிக்கும் செல்க. அங்கே நாள்தோறும் நம் இலைக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஓர் இலை போட்டு வருகிறார்கள். நாளை முதல் ஓர் இலை போதும்.