ஒரு கறுப்புக் குண்டு

13 ஆகஸ்ட் 1973, திங்கள்

ஃப்ரீமேசன் சங்கமான எங்கள் லாட்ஜின் வரலாற்றை ஒருவழியாக எழுதி முடித்து, இன்று மாலை மயிலாப்பூரில் ரஹீம் பாயின் அச்சகத்தில் கொடுத்தேன். அடையாறில் வீடுகள் பெருகப் பெருகப் புது உறுப்பினர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பழைய கதை தெரியட்டும் என்று செயலாளரான என்னை எழுதச் சொல்லியிருந்தார்கள்.

பாய் தாள்களைப் புரட்டினார். "நான் சேர்றதுக்கு மனு போட்டது இதுல வந்துகீதா சார்?"

"இல்ல பாய்."

"எப்டி இருக்கும்? அல்லாரும் ஓட்டுப் பெட்டில வெள்ளைக் குண்டு போட்டாங்களாம், ஒருத்தர் மட்டும் கறுப்பு. ஒரு கறுப்பு வுழுந்தாலே சேர்க்க மாட்டாங்களாமே. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ரகசிய ஓட்டு பாய். யாருக்கும் தெரியாது."

போட்டவன் நான்தான். எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. உள்ளே வந்தால் செயலாளர் பதவி அவருக்குப் போய்விடும் என்று பயந்தேன். பன்னிரண்டு வருடமாகிறது.

கிளம்பும்போது, "இன்னா சார், ரொம்ப எளச்சிட்டீங்க. சரியா சாப்புடறீங்களா இல்லியா?" என்று கேட்டுத் தன் வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியரை என் கையில் திணித்தார்.

லாட்ஜில் அத்தனை பேரும் என்னைப் பிரதர் என்கிறார்கள். மனைவி பங்கஜம் இறந்த பிறகு ஒருவரும் இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறவர் பாய் ஒருவர்தான்.

பசித்தது. இடியாப்பத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். நாளை கேரியரைத் திருப்பிக் கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால், சாப்பிட்டாயா என்று அவரும் கேட்க மாட்டார்.