நடுக்கம் நின்ற நாள்

மார்ச் 3
காலையிலிருந்து மலை நடுங்குகிறது. ஆளுக்குத் தெரியாது, எங்கள் நிலையத்துத் திரையில்தான் தெரியும். வினாடிக்கு ஒன்றரை அதிர்வு. பாறை உடைந்தால் வெடுக்கென்று வேகமாக வந்து அடங்கிவிடும். இது அடங்கவில்லை. உள்ளே வாயுவும் எரிகுழம்பும் நகர்கின்றன.

மார்ச் 4
அடிவாரத்து ஊரைக் காலி செய்துவிட்டார்கள். அக்காவும் அத்தானும் பள்ளிக்கூட முகாமில். "உன் தங்கச்சி மலைக்கு நாடி பாக்கறா, என் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை" என்றாராம் அத்தான். அக்கா போனில் சொல்லிச் சிரித்தாள்.

மார்ச் 9
அதே ஒன்றரை.

மார்ச் 11
மதியம் நின்றுவிட்டது. வாயு தீர்ந்துபோயும் நிற்கலாம். வழி அடைபட்டும் நிற்கலாம். அப்படியானால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் திரையில் ஒரே கோடுதான். நிலையத் தலைவரிடம் சொன்னேன்.
"அடைச்சிருக்குன்னு காட்ட ஏதாவது இருக்கா? ஒரு வாரமா ஜனங்க பெஞ்சுல படுத்துக் கிடக்கறாங்க."
என்னிடம் ஒன்றும் இல்லை. எச்சரிக்கையை ஒரு படி குறைத்து, ஜனங்களை ஊர் திரும்ப விடும் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன்.
மாலையில் அத்தான் கூப்பிட்டார். "நின்னுடுச்சாமே?"
"நின்னுடுச்சு அத்தான். ஆனா—"
"அது போதும்மா." வைத்துவிட்டார்.
ஏன் நான் திரும்பக் கூப்பிடவில்லை? கூப்பிட்டு என்னத்தைச் சொல்வது, எனக்கே தெரியாததை?

மார்ச் 12
காலை ஆறு பதினாலு.

மார்ச் 13
ஊர் இருந்த இடத்தில் சாம்பல். அக்கா முகாமிலேயே இருந்திருக்கிறாள், துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு பகலில் கிளம்புவதாக. அத்தான் மட்டும் விடிவதற்குள் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.
நான் சொன்னதைக் கேட்டுத்தானே போனார். பாவி, என் வாயால்தானே.

மார்ச் 20
விசாரணை முடிந்தது. கையில் இருந்த தகவலுக்கு அந்த முடிவு சரிதானாம். சரியாக இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

ஏப்ரல் 2
அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவள் இன்று திரும்பாமலே கேட்டாள்: "உன் மெஷின்ல மனுஷன் நடக்கறதெல்லாம் தெரியுமா?"
"எதுக்குக்கா?"
போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஏப்ரல் 3
அவர்கள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால்தான் எங்கள் கருவி ஒன்றைப் புதைத்திருந்தோம். மலையின் நடுக்கம் தாழ்ந்த அதிர்வெண். காலடி அதைவிடப் பல மடங்கு உயர்ந்தது. அன்றைய பதிவை எடுத்து, தாழ்ந்ததையெல்லாம் வடிகட்டினேன்.
ஆறு பதினாலுக்குப் பிறகு பதினோரு வினாடி. ஓட்டம். ஒவ்வொரு அடியும் முந்தியதைவிடப் பெரிது — கொட்டகையை நோக்கித்தான். அவிழ்த்துவிட ஓடியிருக்கிறார். அதற்குப் பிறகு கருவியே இல்லை.
சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். "மலையோட நடுக்கம் மட்டும்தான்க்கா பதிவாகும். வேற எதுவும் தெரியாது."
"அப்ப சரி" என்றாள்.